தண்ணீரைத் தண்ணீரால் எடுப்பவர்

"முதலுதவிப் பொறுப்பாளர்: விபத்தோ உடல்நலக் குறைவோ ஏற்பட்டால் பதற்றமின்றிச் செயல்படுபவர், பாதிக்கப்பட்டவரை அசைக்காமல் வைத்திருப்பவர், தாமாக எந்தச் சிகிச்சையும் செய்யாமல் மருத்துவரை அழைப்பவர்."

லிஃப்ட் பழுதுபார்க்கும் எங்கள் கம்பெனியின் வரவேற்பறையில், கண்ணாடிச் சட்டத்துக்குள், ஒருவருடைய புகைப்படத்துக்குக் கீழே இப்படி எழுதி மாட்டியிருக்கிறார்கள். அந்தப் புகைப்படத்துக்கு உரியவரை நேரில் பார்க்க வேண்டுமென்றால் உள்ளே வாருங்கள். அதோ, தொலைபேசி மேசைக்குப் பக்கத்தில் ஒரு பெண்ணைத் தலையைச் சாய்த்துக்கொண்டு நொண்டியடிக்க விட்டு, "இன்னும் எம்பு, இன்னும் கொஞ்சம் எம்பு" என்று கைதட்டிக்கொண்டிருக்கிறாரே, அவரேதான்.

இவரை ஓர் ஆள் என்று நினைத்துவிடாதீர்கள். இவர் ஓர் இனம். காதுத்தண்ணி நிபுணர் என்று இந்த இனத்துக்குப் பெயர் வைக்கலாம். எல்லா அலுவலகத்திலும் ஒருவர் உண்டு. எல்லாக் குடும்பத்திலும் குறைந்தது இருவர் உண்டு, அந்த இருவருக்கும் பேச்சுவார்த்தை இருக்காது. காய்ச்சல் என்று சொல்லிப் பாருங்கள், "டாக்டரைப் பாருங்க" என்று கண்ணியமாக ஒதுங்கிக்கொள்வார். எலும்பு முறிவு என்றால் ஒரு அடி பின்னுக்கே போய்விடுவார். இதயம் என்றால் அந்தப் பேச்சே அவருக்குப் பிடிக்காது. ஆனால் "காதுல தண்ணி போயிடுச்சு" என்று ஒரு வார்த்தை, அதுவும் வேறு யாரிடமோ, அதுவும் அடுத்த அறையில், அதுவும் முணுமுணுப்பாகச் சொன்னீர்களோ, போச்சு. பெரிய நோய்க்குப் பெரிய டாக்டர்கள் இருக்கிறார்கள். ஒரு சொட்டுத் தண்ணீருக்கு இந்த உலகத்தில் இவரை விட்டால் யார் இருக்கிறார்கள்?

வந்தவுடன் கேட்கும் முதல் கேள்வி: "எந்தக் காது?" இரண்டாவது: "குளிக்கும்போதா, நீந்தும்போதா?" நீங்கள் என்ன பதில் சொன்னாலும் மருந்து ஒன்றுதான், கேள்வி ஒரு மரியாதைக்கு. அடுத்தது, "இது ஒண்ணுமே இல்ல." அதற்கடுத்தது, "டாக்டர்கிட்ட போனா ஒண்ணுமில்லாததைப் பெருசாக்கிடுவாங்க." அதற்கும் அடுத்ததாக ஒரு மச்சான் வருவார். எங்கிருந்து வருகிறார் என்று கேட்காதீர்கள். காதில் தண்ணீர் போய், ஒரு வாரம் தவித்து, நிபுணர் சொன்னதைச் செய்து, அந்த நொடியே 'பொளக்'கென்று தண்ணீர் வெளியேறிப் பரம சுகம் அடைந்த மச்சான் ஒருவர் எல்லா நிபுணருக்கும் இருக்கிறார். அவரை யாரும் பார்த்ததில்லை.

எங்கள் நிபுணருக்கு வேலை உதிரிபாகக் கிடங்கில். ஆகவே 'ஸ்டோர் அண்ணன்'. திருகாணிகளை அளவுவாரியாக இழுப்பறைகளில் அடுக்கிப் பெயர் ஒட்டி வைத்திருப்பார். மேலாளரின் கையெழுத்துச் சீட்டு இல்லாமல் ஒரு வாஷர்கூடக் கொடுக்க மாட்டார். அவ்வளவு கறார். யோசனையை மட்டும் கேட்காமலே அள்ளிக் கொடுப்பார்.

அந்தப் பெண் யார்? எங்கள் அவசரத் தொலைபேசிக்குப் புதிதாக வந்தவள். எங்காவது லிஃப்ட் பாதியில் நின்றுவிட்டால், உள்ளே மாட்டிக்கொண்டவர் பொத்தானை அழுத்துவார். இவள் எடுத்து, ஆறுதல் சொல்லி, மெக்கானிக்கை அனுப்ப வேண்டும். தகுதிகாண் காலம் அன்றோடு முடிகிறது. மேலாளர் அம்மாள் பக்கத்தில் உட்கார்ந்து இவள் பேசுவதைக் கேட்பார்; சரியாக இருந்தால் வேலை நிரந்தரம், இல்லையென்றால் வீடு. அப்படிப்பட்ட நாளில், காலையில் தலைக்குக் குளித்தபோது வலது காதில் தண்ணீர் போய்விட்டது.

அதனால் ஒன்றும் குடிமுழுகிவிடவில்லை என்பதைக் கவனியுங்கள். எங்கள் ஹெட்செட் ஒற்றைக் காதுக்கானது. இடது காதில் மாட்டிக்கொண்டால் தீர்ந்தது. அவளும் அப்படித்தான் மாட்டிக்கொண்டு உட்கார்ந்திருந்தாள். செய்த பிழை ஒன்றே ஒன்று. "ஏம்மா இன்னிக்கு இந்தப் பக்கம் மாட்டியிருக்கே?" என்று கணக்காளர் கேட்டபோது உண்மையைச் சொல்லிவிட்டாள்.

கணக்காளர் சாய்வுக் கட்சி. "அடைச்ச காது கீழ இருக்கிற மாதிரி மேசையில தலையை வெச்சுப் படும்மா. தானா வடிஞ்சிடும். தண்ணி பள்ளத்துக்குத்தானே போகும்?" என்றார். டிரைவர் ஊதல் கட்சி: மூக்கைப் பிடி, வாயை மூடு, ஊது. அவள் ஊதினாள். கண் இரண்டும் சிவந்ததுதான் மிச்சம். அதற்குள் ஸ்டோர் அண்ணன் வந்து சேர்ந்தார். நொண்டியடிக்க வைத்ததைத்தான் நீங்களே பார்த்துவிட்டீர்களே.

"அண்ணே, போதும்ணே. ஒரு காது நல்லாத்தான் கேக்குது. சமாளிச்சுக்குவேன்."

"சமாளிக்கிறதா? நான் இருக்கும்போது நீ எதுக்கும்மா சமாளிக்கணும்? முள்ளை எதால எடுக்கிறோம்? முள்ளாலதானே? தண்ணியைத் தண்ணியாலதான் எடுக்கணும். மேல கொஞ்சம் ஊத்தினா, உள்ள இருக்கிறதும் சேர்ந்து ஓடி வந்துடும். எங்க மச்சான் ஒருத்தன்..."

மச்சான் கதையைப் பாதியில் நிறுத்திவிட்டுக் கிடங்குக்கு ஓடினார். இயந்திரத்துக்கு எண்ணெய் விடுகிற நீண்ட மூக்குப் புட்டிகளில் புத்தம்புதிதாக ஒன்றை எடுத்தார். சீட்டு இல்லாமல் எடுத்தார். அவருடைய சேவைக்காலத்திலேயே அது முதல்முறை. இந்த இடைவெளியில் கணக்காளர் விடவில்லை. "அவர் வர்றதுக்குள்ள நான் சொன்னதைச் செஞ்சு பாரேன்" என்று கெஞ்ச, பாவம், அந்தப் பெண்ணும் அடைத்த காது கீழே இருக்கும்படி மேசையில் தலையைச் சாய்த்துக் கண்ணை மூடிக்கொண்டாள்.

இப்போது இரண்டு மருத்துவ முறைகளும் ஒரே தலையில் சந்தித்தன. கணக்காளரின் சாத்திரப்படி கெட்ட காது கீழே. ஸ்டோர் அண்ணனின் சாத்திரப்படி கெட்ட காது மேலே. அவர் வந்தார், மேலே ஒரு காதைப் பார்த்தார், நோயாளி தயாராக இருக்கிறாள் என்று மகிழ்ந்தார், பீய்ச்சிவிட்டார்.

"அய்யோ! அண்ணே! அது நல்ல காது!"

"அப்படியா?" என்றார் அவர். "எதுக்கும் நல்லதுதான்."

அவர் சொன்னது அவளுக்குக் கேட்கவில்லை. எதுவுமே கேட்கவில்லை. சரியாக அந்த நேரம் பார்த்து மேலாளர் அம்மாள் நாற்காலியை இழுத்துப் போட்டுக்கொண்டு உட்கார்ந்தார். எல்லோரும் கேட்கட்டும் என்று ஒலிபெருக்கியைத் தட்டிவிட்டார். மணி அடித்தது. அறை முழுக்க அடித்தது. அவள் ஒருத்தி மட்டும் அமைதியாக உட்கார்ந்திருந்தாள்.

ஸ்டோர் அண்ணன் பாய்ந்து எடுத்தார். "ஹலோ, சொல்லுங்க சார்."

"லிஃப்ட் நின்னுபோச்சுங்க. நாலுக்கும் அஞ்சுக்கும் நடுவுல மாட்டிக்கிட்டேன். ஒரே இருட்டு. சீக்கிரம் ஆளை அனுப்புங்க." குரல் நடுங்கியது.

"பதறாதீங்க சார். எங்க ஆபரேட்டருக்குக் காதுல தண்ணி போயிடுச்சு. அதான் நான் பேசறேன்."

மறுமுனையிலிருந்து, நடுக்கமெல்லாம் போய், நிதானமாக, கனிவாக ஒரு கேள்வி வந்தது.

"எந்தக் காது?"

இனம் இனத்தைக் கண்டுகொண்டது.

"வலதுல ஆரம்பிச்சது சார். இப்ப ரெண்டும். நான் தண்ணி ஊத்தியிருக்கேன், வந்துடும்."

"தண்ணியா? தண்ணி போன காதுல தண்ணி ஊத்தினீங்களா? நல்லா இருக்கே உங்க நியாயம்! ஹேர் டிரையர் இருந்தா ஒரு முழம் தள்ளிப் பிடிச்சு சூடா காத்து விடுங்க. என் கொழுந்தியாளுக்கு அப்படித்தான் சரியாச்சு."

"காது என்ன சார், ஈரத் துண்டா? காயப்போடறதுக்கு? எங்க மச்சானுக்கு..."

"உங்க மச்சான் கிடக்கிறார். ஹேர் டிரையர் இல்லையா? அப்ப உள்ளங்கையைக் காதுல அழுத்தி வெடுக்குனு எடுக்கச் சொல்லுங்க. இருங்க, நானே செஞ்சு பார்த்து சரியாச் சொல்றேன். தலையை இப்படிச் சாய்க்கணும். ஒத்தைக் கால்ல நின்னு..."

"குதிக்காதீங்க சார்! லிஃப்டுக்குள்ள குதிக்காதீங்க!"

முதலுதவிப் பொறுப்பாளர் அன்று உருப்படியாகச் சொன்ன ஒரே அறிவுரை இதுதான்.

விவாதம் நீண்டது. எண்ணெய் வந்தது, ஒத்தடம் வந்தது, கொட்டாவி வந்தது, சூயிங்கம் வந்தது. எந்தக் கட்டடம் என்று இவர் கேட்கவில்லை, அவரும் சொல்லவில்லை. அவ்வளவு ஏன், தான் தொங்கிக்கொண்டிருப்பதையே அவர் மறந்துவிட்டார். அந்தப் பெண் என்ன செய்தாள்? காதுதான் போயிற்றே, கண் இருக்கிறதே. முன்னால் இருந்த திரையில் லிஃப்டின் எண்ணும் முகவரியும் சிவப்பாக மினுங்கின. அதைப் பார்த்து ஆளை அனுப்புவது, வந்த முதல் நாளிலேயே எல்லோருக்கும் சொல்லித் தருவதுதான். பார்த்தாள். பக்கத்துத் தெருவில் இருந்த மெக்கானிக்குக்குச் செய்தி தட்டினாள். அவர் புறப்பட்டாரா என்று சரிபார்த்தாள். பிறகு கைகளைக் கோத்துக்கொண்டு, தன் வேலை போவதைப் பார்த்தபடி உட்கார்ந்திருந்தாள்.

ஒலிபெருக்கியில் கதவு திறக்கும் சத்தம் கேட்டது. "வாங்க சார் வெளிய" என்று மெக்கானிக்கின் குரல்.

"கொஞ்சம் இருப்பா. பேசிட்டிருக்கேன்ல?"

மேலாளர் அம்மாள் கையை நீட்டி இணைப்பைத் துண்டித்தார். அறையில் ஊசி விழுந்தால் எல்லோருக்கும் கேட்கும், அவளைத் தவிர.

"மேடம், எனக்கு ஒண்ணுமே கேக்கல," என்றாள் அவள், தேவைக்கு மேல் சத்தமாக. "ஆனா மெக்கானிக்கை அனுப்பிட்டேன். போய்ச் சேர்ந்துட்டாரு."

மேலாளர் திரையைத் தன் பக்கம் திருப்பி மேலிருந்து கீழ்வரை படித்தார். "உனக்கு வேலை நிரந்தரம்."

"சரி மேடம். பையை எடுத்துட்டுக் கிளம்பறேன்."

"கிளம்பாதே! நிரந்தரம்!"

"பரவாயில்ல மேடம். உங்க மேல வருத்தமில்ல."

மாடிப்படி வரை எல்லோருக்கும் கேட்டுவிட்டது, அவளுக்குத்தான் எட்டவில்லை. கடைசியில் மேலாளர் எழுந்து, அவள் தோளைப் பிடித்து நாற்காலியில் அமுக்கி உட்கார வைத்து, கையைப் பிடித்துக் குலுக்கு குலுக்கென்று குலுக்கினார். அவளுக்குப் புரிந்தது. அழுதாள். அந்த நெகிழ்ச்சியான நேரத்தில் மேலாளர் அம்மாள் அவள் காதருகே குனிந்து உரக்கச் சொன்னார்: "காதைப் பத்திக் கவலைப்படாதே. எங்க வீட்டுல என்ன பண்ணுவோம்னா..."

சாப்பாட்டு வேளையில் யாருக்கும் சொல்லாமல் டாக்டரிடம் போய்விட்டு வந்தாள். வலது காதில் அழுக்கு சேர்ந்திருந்ததாம். தண்ணீர் பட்டு ஊதிப்போய் அடைத்திருந்ததாம். பேசிக்கொண்டே எடுத்துவிட்டாராம். இடது காதைத் திருப்பிப் பார்த்துவிட்டு, "இதுல ஏம்மா இவ்வளவு தண்ணி?" என்று கேட்டாராம்.

"ரெண்டு காதும் சரியாப்போச்சு அண்ணே," என்று அவள் சொன்னபோது ஸ்டோர் அண்ணனின் முகம் வாடியதை நான் பார்த்தேன். நோய் குணமானால் மகிழ்வது டாக்டர்கள். இந்த இனத்துக்கு நோய் குணமாவது முக்கியமில்லை, தான் சொல்லிக் குணமாக வேண்டும். ஆனால் வாட்டம் நெடுநேரம் நிற்கவில்லை. சாயங்காலமே டிரைவரிடம் சொல்லிக்கொண்டிருந்தார்: "நான் ஊத்தினதுல ஊறிப்போய்த்தான் அவ்வளவு சுலபமா வந்திருக்கு."

நீங்கள் அப்படிப்பட்டவர் இல்லை என்கிறீர்கள். நல்லது, நம்புகிறேன். ஆனால் அந்தப் பெண் நொண்டியடித்தபோது, "ச்சே, இது எதுக்கு, காது மடலை மேலே இழுத்துப் பிடித்தாலே போதுமே" என்று ஒரு எண்ணம் உங்கள் மனத்தில் எட்டிப் பார்த்ததே, அது யாருடையது? அவளிடம் ஒரு வார்த்தை சொல்லிவிடலாமா என்று இப்போதுகூடத் துடிக்கிறீர்கள் அல்லவா? தொலைபேசியை எடுக்குமுன் ஒன்றை யோசித்துக்கொள்ளுங்கள். ஸ்டோர் அண்ணனும் உங்களைப் போல நல்ல மனதோடுதான் வந்தார். வந்து, நன்றாகக் கேட்டுக்கொண்டிருந்த காதில் தண்ணீர் ஊற்றினார்.