கழுதைப் படம் வேண்டாம் என்றவன்

என் தம்பி வென்றவற்றை முதலில் சொல்லிவிடுகிறேன். கறுப்பு வெள்ளைப் படங்களுக்கும் வண்ணப் படங்களுக்கும் தனித்தனியாக ஓட்டெடுக்க வேண்டும் என்று, அறையிலிருந்த அத்தனை பேரையும் தனியாளாக எதிர்த்து வென்றான். ஒருமுறை தேர்ந்தெடுத்த படத்தை மறுபடியும் தேர்ந்தெடுக்கலாம் என்பதை, தொண்டை கட்டியிருந்த நாளில், வெறும் சைகையால் வென்றான். இனிமேல் கை தூக்கக் கூடாது, சீட்டில்தான் எழுத வேண்டும் என்பதை எல்லோரையும் கை தூக்க வைத்தே வென்றான். வாசகரே, தேர்ந்தெடுப்பவன் என்ற இனம் இதுதான்.

இந்த இனம் இல்லாத ஊர் கிடையாது. உங்கள் வீட்டுச் சுவருக்கு என்ன நிறம் அடிக்கலாம் என்று நிற அட்டையும் கையுமாக ஒரு மழைக்காலம் முழுக்க உட்கார்ந்திருந்தவர் யார்? பெயின்ட் வாளி வந்து இறங்கியபோது அவர் எங்கே போனார்?

தம்பிக்கு வாய்த்தது சினிமா. இணையத்தில் யார் வேண்டுமானாலும் எழுதக்கூடிய கலைக்களஞ்சியம் இருக்கிறதல்லவா, அதிலுள்ள சினிமாக் கட்டுரைகளைச் செம்மைப்படுத்தும் தன்னார்வலர்கள் மாதம் ஒருமுறை எங்கள் நூலகத்து மாடியறையில் கூடுகிறார்கள். கிழிந்த புத்தகங்களை நான் ஒட்டும் மேசையும் அங்கேதான் இருக்கிறது. மெலிந்து கிடக்கும் ஒரு கட்டுரையைத் தேர்ந்தெடுத்து, எல்லோரும் சேர்ந்து வளர்த்து, முடிந்ததும் எழுதியவர் தன் பெயரைப் பதிய வேண்டும் என்பது ஏற்பாடு. தேர்ந்தெடுப்பது தம்பியின் பொறுப்பு. மற்றது வெறும் எழுத்து வேலை.

அந்த வெறும் வேலைதான் மாதக்கணக்காக நடக்கவில்லை. நூலகர் மாடியேறி வந்தார்.

"அடுத்த கூட்டத்துக்குள்ளயாவது ஒரு கட்டுரை முடிஞ்சு, ஒருத்தராவது பேர் போடணும். இல்லைன்னா ரூமைத் தையல் கிளாஸுக்குக் குடுத்துடுவேன்."

தம்பியின் முகம் வெளுத்துவிட்டது. இந்த அறை போனால் அவன் எங்கே போய்த் தேர்ந்தெடுப்பான்?

"கழுதைப் படத்தை எடுக்கலாமே," என்றார் தன்னார்வலர்களில் ஒருவரான நர்ஸம்மா. கழுதையே கதாநாயகனாக நடித்த பழைய படம் அது. "நாலு வரிதான் இருக்கு. நாமதான் வளர்க்கணும்."

தம்பி கண்ணாடியைக் கழற்றினான். "நான் எதிர்க்கல. ஆனா அதுக்குத் தகுதி இருக்கா?"

"கழுதைக்கா, படத்துக்கா?" என்றார் இன்னொரு தன்னார்வலரான பஸ் டிரைவர்.

சீட்டுகளைப் பிரித்தார்கள். கழுதை ஜெயித்துவிட்டது. தம்பி தோற்று அன்றுதான் பார்த்தேன்.

சும்மா விடுவானா? கட்டுரையைப் பற்றி விவாதிக்க அதனோடு இருக்கும் உரையாடல் பக்கத்தில் ஆட்சேபம் எழுத உட்கார்ந்தான். என் தம்பி என்பதற்காகச் சொல்லவில்லை, அப்படி ஓர் ஆட்சேபத்தை யாரும் எழுதியிருக்க முடியாது. பாதிப் படத்தில் கழுதைக்கு உடம்பு சரியில்லாமல் போய் வேறு கழுதை வந்தது, அதற்கு மட்டும் ஒரு காது வெள்ளை, தயாரிப்பாளர் நடுவில் கைவிட்டார், பாட்டுகளை ஒரே பகலில் பதிவு செய்தார்கள், ஒரு வாரத்தில் தியேட்டரை விட்டுத் தூக்கினார்கள் என்று ஒவ்வொன்றாக எடுத்து வைத்து, ஒவ்வொன்றுக்கும் பழைய பத்திரிகையில் ஆதாரம் காட்டி, 'இப்படிப்பட்ட படத்தைப் பற்றி எழுத என்ன இருக்கிறது?' என்று முடித்திருந்தான்.

அடுத்த கூட்டத்துக்கு நூலகர் தையல் டீச்சரையும் அழைத்து வந்துவிட்டார். டீச்சர் கையில் அளவு நாடா.

"கட்டுரை முடிஞ்சாச்சு சார்," என்றார் நர்ஸம்மா. "தம்பி எழுதினதுல முதல் வரியையும் கடைசி வரியையும் எடுத்துட்டு, மீதியை அப்படியே கட்டுரையில போட்டுட்டேன்."

"நான் எதிர்த்துல்ல எழுதினேன்?"

"எதிர்த்துதான் எழுதியிருக்கீங்க. ஆனா எழுதிட்டீங்களே. பேரைப் போடுங்க."

தையல் டீச்சர் ஜன்னலை அளக்க ஆரம்பித்தார். தம்பி என்னைப் பார்த்தான்.

"அக்கா, நீ என்ன சொல்ற?"

"போடலாமா வேணாமான்னு ஓட்டெடுப்போமாடா?"

அதையும் கொஞ்ச நேரம் யோசித்தான். நாடா என் மேசை வரை வந்துவிட்டது. ஒற்றை விரலால் தட்டித் தட்டிப் பெயரைப் பதித்தான். டீச்சர் நாடாவைச் சுருட்டிக்கொண்டு இறங்கினார்.

வாசகரே, கேலி செய்ய இதைவிடப் பொருத்தமான ஓர் ஆளை நான் தேர்ந்தெடுத்திருக்கலாம் என்று படிக்கும்போது உங்களுக்குத் தோன்றியிருந்தால், தயங்காமல் மாடிக்கு வாருங்கள். உங்களுக்கும் நாற்காலி உண்டு. ஆனால் என் தம்பிக்குப் பக்கத்தில் கொஞ்சம் அடக்கமாக உட்காருங்கள். எழுதியவர் என்று அவன் முதன்முதலாகப் பெயர் பதித்தாகிவிட்டது: 17 மார்ச் 2024, ஞாயிற்றுக்கிழமை.