பட்டினி அண்ணாச்சியின் இட்லிப்பூ

செடிகளை இத்தனை அன்போடு கொன்றவர் தூத்துக்குடியில் எங்கள் பட்டினி அண்ணாச்சியைத் தவிர வேறு யாரும் இருக்க முடியாது. ரோஜா, மல்லிகை, செம்பருத்தி என்று எங்கள் ஆபீஸ் ஜன்னலோரம் அவர் கையால் உயிர்விட்டவை ஏராளம். ஒவ்வொன்றும் வாடும்போது பக்கத்தில் நின்று உச்சுக்கொட்டுவார். தண்ணீர் மட்டும் ஊற்ற மாட்டார்.

துறைமுகத்துக்குப் பக்கத்தில், கப்பல் சரக்குக்குச் சுங்கத்தில் அனுமதி வாங்கித் தரும் ஒரு கிளியரிங் ஆபீஸில் அவரும் நானும் எதிரெதிர் மேஜை. நான் ஷிப்பிங் பில் அடிப்பவள், அவர் அதில் தப்புக் கண்டுபிடிப்பவர். செடிகளைப் பட்டினி போடுகிறார் என்று அந்தப் பட்டப்பெயரை வைத்ததே நான்தான். அதை இப்போது கொஞ்சம் வெட்கத்தோடுதான் சொல்கிறேன்.

மனைவி இறந்ததும் அண்ணாச்சி அந்தக் கல்லறையில் ரோஜாச் செடி நட்டார். தினமும் சர்ச்சில் காலைப் பூசை முடிந்ததும் போய்த் தண்ணீர் ஊற்றினார். ஒருமுறை காய்ச்சலில் படுத்து, இரண்டு வாரம் போக முடியவில்லை. அந்த நேரம் பார்த்து, கப்பலில் வேலை பார்க்கும் ஒரே மகன் லீவில் வந்தான். வந்தவன் நேராக அம்மாவின் கல்லறைக்குப் போய்க் காய்ந்த குச்சிகளைப் பார்த்துவிட்டான். இரண்டு நாள் சோறு இறங்கவில்லையாம்.

“இப்பம் நான் இருக்கேன், ஊத்துதேன். நாளைக்கு என்னையும் அவ குழியிலயேதான் வைப்பாக. அப்புறம் யாருளா ஊத்துவா? பய வந்து மறுபடியும் குச்சியப் பாத்து அழக்கூடாது” என்று என்னிடம் சொன்னார் அண்ணாச்சி.

அதனால்தான் யார் தயவும் வேண்டாத பூச்செடி ஒன்றைத் தேட ஆரம்பித்தார். கல்லறைத் தோட்டத்து மண்ணையே பையில் அள்ளி வந்து, பழைய எண்ணெய் டின்களில் நிரப்பி, ஜன்னலோரம் வரிசையாக வைத்தார். “மண்ணு எங்கன எடுத்தீங்க அண்ணாச்சி?” என்று மேனேஜர் சாதாரணமாகத்தான் கேட்டார். பதிலைக் கேட்ட பிறகு அவர் அந்த ஜன்னல் பக்கமே வருவதில்லை.

தண்ணீருக்கு ஒரு சட்டம் வைத்திருந்தார். மகன் போன் பண்ணுகிற அன்றைக்கு மட்டும் ஊற்றுவார். “நான் போனப்புறம் அவன் நெனைக்கிற அன்னைக்குத்தான தண்ணி கெடைக்கும்? இப்பமே பழகட்டும்” என்பார். கப்பலில் வைஃபை வந்துவிட்டாலும் அந்தப் பிள்ளை ஏதாவது ஒரு துறைமுகத்தில் இறங்கினால்தான் பேசுவான். அவன் கப்பல் நடுக்கடலில் இருந்தால் எங்கள் ஜன்னலில் பஞ்சம்.

முடிவுகளைக் காலண்டர் தாளின் பின்பக்கம் எழுதி வைப்பார். ரோஜா ஒரு போன்கூடத் தாங்கவில்லை. டேபிள் ரோஸ் மூன்று போன் தாங்கியது, ஆனால் ஃபெயில். “பத்து மணிக்குத்தான் கண்ணு முழிக்கி. பூசை முடிஞ்சு ஏழு மணிக்கு வாரவனுக்கு மூஞ்சியே காட்டாது.” காகிதப்பூ ஜோராக வளர்ந்தது. அதற்கும் இடம் இல்லை. “பக்கத்துக் கல்லறைக்காரன் மேல படந்துரும். செத்த பெறகுமா எல்லைத் தகராறு?”

கடைசியில் ஜெயித்தது நித்தியகல்யாணி. போன் வந்தாலும் பூத்தது, வராவிட்டாலும் பூத்தது. உப்புக்காற்றுக்கு அசையவில்லை. ஆடும் வாய் வைக்காது. தேடல் அங்கேயே முடிந்திருக்க வேண்டும், நான்தான் கெடுத்தேன்.

வரிசையில் கடைசியாக ஒரு இட்லிப்பூச் செடி இருந்தது. மொட்டு வைத்த நேரத்தில் மகனிடமிருந்து போன் இல்லை. இலையெல்லாம் தொங்கிவிட்டது. எனக்கு மனசு கேட்கவில்லை. அவர் டீக்குப் போன நேரத்தில் என் பாட்டிலில் மிச்சமிருந்த தண்ணீரை ஊற்றினேன். மறுநாளும் ஊற்றினேன். பிறகு அதுவே வழக்கமாகிவிட்டது.

செடி சிவப்புச் சிவப்பாகப் பூத்துக் குலுங்கியது. அண்ணாச்சி அதன் முன்னால் கைகட்டி நின்றார். “ஏளா, இங்கன வந்து பாரு. பய பேசி மாசம் ரெண்டாவுது. இது என்னமா பூத்து நிக்கி!”

நான் கம்ப்யூட்டரை விட்டுக் கண்ணெடுக்கவில்லை. அதற்குள் டீக்கடை வரைக்கும் இட்லிப்பூவின் புகழ் போய்விட்டது. அவர் பேச்சை நம்பி வீட்டில் நட்டு, தண்ணீர் ஊற்றாமல் காயவிட்ட இரண்டு பேர் சண்டைக்கு வந்தார்கள். “ஒங்க மண்ணு சரியில்ல” என்று அனுப்பிவிட்டார்.

போன கோடை தொடங்கும்போது அண்ணாச்சி தூக்கத்திலேயே போய்விட்டார். மகன் நடுக்கடலில் இருந்ததால் அடக்கத்துக்கு வர முடியவில்லை. வீடியோ காலில்தான் பார்த்தான். எந்தச் செடியை நட வேண்டும் என்று அப்பா ஏற்கெனவே அவனிடம் சொல்லி வைத்திருந்தாராம். அதன்படி உறவுக்காரர்கள் ஒரு டின்னை எடுத்துப் போய்க் கல்லறையில் நட்டார்கள். எந்த டின் என்று எட்டிப் பார்த்தேன். நட்டது இட்லிப்பூ.

என் பொய்யை நம்பித்தானே அதைக் கேட்டிருக்கிறார்! அது காய்ந்தால் மகன் மறுபடியும் குச்சியைத்தான் பார்ப்பான், இந்த முறை என்னால். நான் குடியிருக்கும் முத்தையாபுரத்திலிருந்து பஸ் பிடித்து, கைப்பைக்குள் இரண்டு பாட்டிலை ஒளித்து, ஒன்றுவிட்டு ஒருநாள் போனேன். அக்னி நட்சத்திரத்தில் தினமும் போனேன். யாராவது கேட்டால் ஜெபம் பண்ண வந்ததாகச் சொல்லுவேன்.

நவம்பரில், கல்லறைத் திருநாளுக்கு முந்தின நாள் நான் குனிந்து ஊற்றிக்கொண்டிருந்தபோது பின்னால் ஒரு குரல் கேட்டது. “அக்கா, நீங்கதான் பாட்டில்காரி அக்காவா?”

மகன்தான். பாட்டிலை மறைக்கக்கூடத் தோன்றவில்லை. அழுதபடியே எல்லாவற்றையும் ஒப்புக்கொண்டேன். அவன் பூத்திருந்த செடியைப் பார்த்தான்.

“அப்பாவுக்கு அப்பவே தெரியும்க்கா. டீக்கடையில இருந்து பாத்தா ஒங்க ஜன்னல் தெரியுமாமே. போன்ல சொல்லிச் சொல்லிச் சிரிப்பாக. ‘நித்தியகல்யாணி யாரும் வராட்டியும் பூக்கும்டே. அது எனக்கு வேண்டாம். இட்லிப்பூவ வையி, அதுக்கு ஆளு இருக்கு. பாட்டில்காரி விட்டுற மாட்டா’ன்னாக.”

நான் அவருக்குப் பெயர் வைத்ததாக நினைத்துக்கொண்டிருந்தேன். அவரும் எனக்கு வைத்திருக்கிறார்.

இப்போது பாட்டிலை ஒளிப்பதில்லை. தம்பி ஒவ்வொரு துறைமுகத்திலும் இறங்கியதும் எனக்கும் ஒரு போன் பண்ணுகிறான். அன்றைக்கு மட்டும் ஒரு பாட்டில் கூடுதலாக ஊற்றுகிறேன். அண்ணாச்சியின் சட்டத்தை முழுசாக மீற எனக்கு மனசு வரவில்லை.