ஒரு ளகரத்துக்குப் போன செல்வம்

எனக்கு ளகரம் வராது. பள்ளிக்கூடத்தில் ‘பள்ளி’ என்று வாசிக்கச் சொன்னால் ‘பல்லி’ என்றுதான் வாசிப்பேன். தமிழ் வாத்தியார் உடனே சுவரைப் பார்த்து, “எங்கடா?” என்பார். வகுப்பே சிரிக்கும், நானும் சேர்ந்து சிரிப்பேன். அந்த ஓர் எழுத்தால் ஒரு சிநேகிதனையே இழந்தேன் என்று ஒப்புக்கொள்ளத்தான் எனக்குப் பத்து வருஷம் ஆகியிருக்கிறது.

பாப்பாரப்பட்டியில் எங்களுக்கு ஒரு பாஸ்கெட்பால் டீம் இருந்தது. நான் ஆட்டக்காரன் இல்லை. (என் உயரத்துக்குக் கூடையை அண்ணாந்து பார்த்தாலே கழுத்து பிடித்துக்கொள்ளும்.) நான் ரசிகன். தினமும் சாயங்காலம் மைதானத்து ஓரத்தில் நின்று, யாரும் கேட்காத யோசனைகளைத் தொண்டை கிழியச் சொல்வது என் வேலை. எங்கள் நட்சத்திரம் செல்வம், என் மாமா பையன், சிநேகிதன். பாதி மைதானத்திலிருந்து எறிந்தாலும் பந்து கூடைக்குள்தான் விழும். அந்தக் கூடை நிற்கும் கம்பத்துக்குக் குழி தோண்டி சிமென்ட் போட்டவனும் அவன்தான். வேலை முடிந்து நேரே மைதானத்துக்கு வருவான், வூட்டுக்குப் போவது அதற்கப்புறம்தான்.

அந்த வருஷம் லீக் பாதியில் தொடர்ந்து மூன்று மேட்ச் தோற்றோம். எதிராளிகள் எல்லாம் நெட்டையர்கள். கூடைக்குக் கீழே விழுகிற பந்து ஒன்றுகூட எங்கள் கைக்கு வரவில்லை. டீமை நடத்திய கோவிந்தண்ணன் (ஹார்டுவேர் கடைக்காரர், கோபக்காரர்) ஒரு முடிவுக்கு வந்தார். கடலைக்காய் பறிப்புக்கு எங்கள் பக்கம் ஆள் மாற்றிக்கொள்வார்களே, உன் வூட்டாள் என் காட்டுக்கு, என் வூட்டாள் உன் காட்டுக்கு என்று, அதைப்போல லீக்கிலும் ஒரு தடவை ஆள் மாற்றலாம். மாற்றி எழுதிக் கொடுத்துவிட்டால் சீசன் முடியும்வரை மாற்றியதுதான்.

“ஓசூர் பக்கத்து டீம்ல நஞ்சப்பான்னு ஒருத்தன் இருக்கானாம்டா, ஆறே முக்கால் அடி. செல்வத்தக் குடுத்தா அவனக் குடுப்பாங்க. ஆனா அவங்க கன்னடக்காரங்க.”

ஆறே முக்கால் அடி சரி, ஆனால் இக்கட்டில் பந்தை யாரிடம் கொடுப்பது? அந்த நஞ்சப்பா ஆடி யாராவது பார்த்திருக்கிறார்களா? செல்வத்தை அனுப்பிவிட்டு அந்தக் கம்பத்தை எப்படிப் பார்ப்பது? இதையெல்லாம் கேட்டுவிட வேண்டும் என்று வாயைத் திறந்தேன்.

“உனக்குத்தான் கன்னடம் தெரியுமே, நீயே பேசு,” என்று கோவிந்தண்ணன் தன் நாற்காலியை எனக்குத் தள்ளினார்.

அவ்வளவுதான். சந்தேகமெல்லாம் போன இடம் தெரியவில்லை. பெங்களூரில் எட்டு மாசம் கேன்டீனில் சப்ளை செய்த கன்னடம் என்னுடையது. அதில் சாப்பாடு ஆயிற்றா என்று கேட்கலாம், சாம்பார் இல்லை என்று சொல்லலாம். ஆனாலும் வாழ்க்கையில் முதல் தடவையாக என்னை நடுவில் உட்கார வைத்திருக்கிறார்கள். அந்த டீம்காரரைப் போனில் பிடித்து, “நஞ்சப்பா பேக்கு. நம்ம டீமிகெ கலிசி,” என்றேன். நஞ்சப்பா வேண்டும், எங்கள் டீமுக்கு அனுப்புங்கள் என்று அர்த்தம். பதிலுக்குச் செல்வத்தைத் தருகிறோம் என்றதும் அவர் ரொம்பச் சந்தோஷப்பட்டார். அவர் நடுவில் தமிழில் ஏதோ ஆரம்பித்தார், நான்தான் விடவில்லை.

செல்வத்திடம் சொல்லும் பொறுப்பும் எனக்கே வந்தது. அவன் பந்தைக் கீழே வைத்துவிட்டுக் கேட்டான்.

“அவன் ஆடி யாராச்சும் பாத்தீங்களாடா?”

“எல்லாம் கன்னடத்துலயே பேசி முடிச்சுட்டேன்.”

“அது சரி. நீ என்னடா சொன்ன? போவ வேணாம்னு சொன்னியா?”

நான் செருப்பைப் பார்த்தேன். “உனக்கும் நல்லதுதானேடா, பெரிய டீமு…” என்று இழுத்தேன். அவன் தலையை ஆட்டிவிட்டு ஷூ கயிற்றை அவிழ்த்தான். அன்றைக்கு அவன் ஆடவே இல்லை.

நஞ்சப்பா பஸ்ஸிலிருந்து தலை குனிந்து இறங்கியபோது எங்கள் ஆட்கள் விசிலடித்தார்கள். நான் மாலையே வாங்கி வைத்திருந்தேன். (குதித்தும் எட்டிப் போட முடியவில்லை, அவரே வாங்கிப் போட்டுக்கொண்டார்.) அப்புறம்தான் கவனித்தோம், மனிதர் ஒவ்வொரு படியாகக் கம்பியைப் பிடித்து இறங்கியிருக்கிறார். மைதானத்துக்கு வந்ததும் கழுத்தில் ஒரு விசிலை மாட்டிக்கொண்டு எல்லாரையும் வரிசையில் நிற்கச் சொன்னார். நல்ல சுத்தமான தமிழில்.

“நீங்க ஆடலீங்களா?” என்றார் கோவிந்தண்ணன்.

“முட்டி போயி ரெண்டு வருசம் ஆச்சுங்க. டீமுக்குச் சொல்லிக் குடுக்க ஆள் வேணும்னு கேட்டீங்களாமே, கலிசின்னு?”

மைதானமே என்னைத் திரும்பிப் பார்த்தது. கன்னடத்தில் ‘களிசி’ என்றால் அனுப்புங்கள். ‘கலிசி’ என்றால் சொல்லிக் கொடுங்கள். நஞ்சப்பா இதை எனக்குப் பொறுமையாக விளக்கினார். நான் இரண்டையும் சொல்லிப் பார்த்தேன், என் வாயில் இரண்டும் ஒன்றாகவே வந்தன.

“அடப்பாவி, ஒரு எழுத்துக்கா எங்க ஆளக் குடுத்த?” என்று கோவிந்தண்ணன் தலையில் கை வைத்து உட்கார்ந்துவிட்டார். அவருக்கு உட்கார நாற்காலிகூட யாரும் போடவில்லை.

கடைசி மேட்ச் எங்கள் மைதானத்தில், செல்வத்தின் புது டீமோடு. ஆட்டம் முடிய ஒரு நிமிஷம் இருக்கும்போது பந்து அவன் கைக்கு வந்தது. “போடுடா செல்வம்!” என்று ஒரு சத்தம். கத்தியது நான்தான். பழக்க தோஷம். ஊரே என்னை முறைத்தது. அவன் போட்டான், விழுந்தது, நாங்கள் தோற்றோம். ஆட்டம் முடிந்து ஓடிப்போய் அவன் கையைப் பிடித்தேன். “பஸ்ஸு வந்துரும்,” என்று சொல்லிக் கையை விடுவித்துக்கொண்டு போனான். அன்றைக்கு அழுதேன். வெயிலில் கண் எரிகிறது என்று எல்லாரிடமும் சொன்னேன்.

சீசன் முடிந்தும் அவன் திரும்பி வரவில்லை. அங்கேயே வேலை, அங்கேயே கல்யாணம். எங்கள் வூட்டில் இன்றைக்கும் நான் யாருக்காவது எதையாவது அனுப்பச் சொன்னால், “அனுப்பணுமா, சொல்லிக் குடுக்கணுமா?” என்று என் மகள் கேட்பாள். என் மனைவி சமையல்கட்டிலிருந்து சிரிப்பாள். நானும் சிரிப்பேன்.

போன மாசம் செல்வத்தின் பையனுக்குக் காது குத்து. போயிருந்தேன். கலிசி கதையைச் செல்வமே எடுத்துவிட்டான். மாலை எட்டாமல் நான் குதித்ததை, நேரில் பார்க்காதவன், நடித்தே காட்டினான். பந்தல் முழுக்க ஒரே சிரிப்பு. எனக்குக் கண்ணில் தண்ணீர் வருமளவுக்குச் சந்தோஷம். எல்லாம் சரியாகிவிட்டது என்றே நினைத்தேன். கூட்டம் கலைந்ததும், நாங்கள் இரண்டு பேர் மட்டும் நின்றபோது, பத்து வருஷமாக மனசில் வைத்திருந்ததைக் கேட்டுவிட்டேன்.

“என்மேல கோவமாடா?”

“அதெல்லாம் ஒன்னும் இல்லீங்க,” என்றான் செல்வம். “இருந்து சாப்ட்டுட்டுப் போங்க.”