ஒரு வார்த்தைக்கு மூன்று பிள்ளையார்

சாமி விஷயத்தில் எனக்கு அளவு தெரியாது. ஒரு தேங்காய் வேண்டிக்கொண்டால் இரண்டு உடைப்பேன். அந்தப் பழக்கம்தான் ஒருநாள் என் மகளை மேடையில் நிற்கவைத்து மானத்தை வாங்கியது.

நான் உத்திரமேரூரில் வீட்டிலேயே ரவிக்கை தைக்கிறேன். கீர்த்தனா அப்போது ஐந்தாம் வகுப்பு. முந்தைய வருஷம் பள்ளி விழாவில் மைக் முன்னால் போய் நின்று, ஒரு வார்த்தை பேசாமல் அழுதுகொண்டே இறங்கிவிட்டாள். இந்தத் தடவை இங்கிலீஷ் டீச்சர் இரக்கப்பட்டு, பெற்றோர் கூட்டத்தில் அட்டைகளைச் சேர்த்து வார்த்தை அமைத்துக் காட்டச் சொன்னார். இதிலும் வாய் திறக்காவிட்டால் இனி மேடைப் பக்கமே போவதில்லை என்று அவளே முடிவு கட்டியிருந்தாள்.

அட்டை எழுதும் வேலை எனக்கு. (பத்தாவதில் இங்கிலீஷில் கோட்டை விட்டவளுக்கு!) "ஹேப்பின்னா சந்தோஷம்மா. முன்னால அன் வெச்சா சந்தோஷமில்லாம கீறது. பின்னால நெஸ் சேத்தா அந்த நெலமைக்கே பேரு" என்று அவள் விளக்கியதும் எனக்குப் புல்லரித்துவிட்டது. அட, இது ரவிக்கை! உடம்புத் துணி, கை, பட்டி என்று தனித்தனியாக வெட்டி இணைக்கிறோமே, அதேதான். இத்தனை நாள் இங்கிலீஷை முழுத் துணியாகவே சுற்றிக்கொள்ளப் பார்த்திருக்கிறேன்.

சாக்பீஸால் பிள்ளையார் சுழி போடாமல் நான் எந்தத் துணித் துண்டையும் தொடமாட்டேன். துண்டுக்கு ஒரு 'உ'. அட்டைகளுக்கும் அப்படியே போட்டேன். மேலே இடமில்லை என்று எழுத்துக்கு முன்னால், எழுத்தளவுக்கே, சிவப்பு மையில். பூஜையில் வைத்துவிட்டுக் காலையில் பையோடு அவளிடம் கொடுத்தேன். அவள் பிரித்துப் பார்க்கவில்லை.

மேடையில் மூன்று அட்டைகளையும் பலகையில் ஒட்டினாள். முன்வரிசைப் பிள்ளைகள் ஒரே குரலில் வாசித்தார்கள்: "உ அன், உ ஹேப்பி, உ நெஸ்."

கூடமே சிரித்தது. கீர்த்தனாவின் உதடு துடிக்க ஆரம்பித்தது.

என் கைப்பையில் எப்போதும் கத்தரி இருக்கும். எடுத்துக்கொண்டு மேடைக்கு ஓடினேன். நடு அட்டையின் சுழியை நறுக்கினேன். நறுக்கியது பிள்ளையார் ஆயிற்றே, கீழே போடலாமா? கண்ணில் ஒற்றி ரவிக்கைக்குள் செருகிக்கொண்டேன். சிரிப்பு இரண்டு மடங்கானது. மூன்றாவது அட்டைக்குக் கை வரவில்லை. கத்தரியும் கையுமாகக் கன்னத்தில் போட்டுக்கொண்டு நின்றேன்.

"எம்மா, புள்ளையார வெட்டாத. தைக்கறப்ப இன்னா பண்ணுவ, சுழிய மடிப்புக்குள்ளதான வுடுவ?"

அவள் சொன்னது மைக்கில் கேட்டுவிட்டது. மூன்றாவது அட்டையின் முன்பக்கத்தை நடு அட்டைக்கு அடியில் செருகினாள். சுழி மறைந்தது. பிறகு கூட்டத்தைப் பார்த்துத் திரும்பினாள்.

"எங்கம்மா டைலரு. துண்டு துண்டா கீறப்ப ஒவ்வொண்ணுக்கும் சுழி போடுவாங்க. சேத்துட்டா ஒரே வார்த்தை. முன்னால கீற ஒண்ணு போதும்."

அதற்குப் பிறகு அவள் பேச்சு நிற்கவேயில்லை. அன் எதற்கு, நெஸ் எதற்கு என்று கடைசிவரை பேசி முடித்தாள். இந்தத் தடவை மேடையில் அழுதது நான்.

இப்போது அவள் கல்லூரியில் படிக்கிறாள். நறுக்கிய சுழி இன்னும் பூஜை அலமாரியில்தான் இருக்கிறது. வீட்டில் யாராவது நீளமாக ஓர் இங்கிலீஷ் வார்த்தை சொல்லிவிட்டால் போதும், என் வீட்டுக்காரர் சாப்பிடும் தட்டிலிருந்து தலை தூக்காமல் என்னைக் கேட்பார்:

"இதுக்கு எத்தினி புள்ளையாருமே?"