எதுவும் மாற்றப்படவில்லை

காரைக் குளிப்பாட்டிவிட்டார்கள்.

மதிப்பீட்டாளர் ஒரு கையில் கேமராவும் மறு கையில் கோப்புமாக ஷெட் வாசலிலேயே நின்றுவிட்டார். நேற்றுச் சாயங்காலம் அவர் பார்த்தபோது அந்தக் காரின் மேல் முப்பத்தொரு வருடத் தூசி படுக்கை விரித்தது போலப் படிந்திருந்தது. இன்று காலை கார் பச்சைப்பசேலென்று சொட்டச் சொட்ட நிற்கிறது. பக்கத்தில் ஒரு காலி வாளி. வாளிக்குப் பக்கத்தில் கையைத் துடைத்துக்கொண்டு வீட்டம்மா.

"யாரும்மா இதைக் கழுவினது?"

"நான்தான் தம்பி. நீங்க போட்டோ எடுக்க வர்றீங்கன்னு பெரியவன் சொன்னான். போட்டோவுக்கு நிக்கறதுன்னா முகம் கழுவ வேண்டாமா?"

மதிப்பீட்டாளர் கோப்பைக் கீழே வைத்துவிட்டு ஒரு நிமிடம் சுவரைப் பார்த்தார். சுவர் ஒன்றுதான் அங்கே அவரை எரிச்சல்படுத்தாமல் இருந்தது.

பழைய கார்களுக்கு விலை சொல்வது அவர் தொழில். பதினெட்டு வருடமாகச் செய்கிறார். எந்த வண்டியைக் காட்டினாலும் முதல் வார்த்தையாக ஒரு குறை சொல்வதால் மதிப்பீட்டாளர் சங்கத்தில் அவருக்குக் 'குறைச்சல்' என்று பட்டப்பெயர். அவர் என்ன செய்வார்? வண்டி வைத்திருப்பவர்கள் அப்படி. ஒருத்தர் புது ஹாரன் மாட்டியிருப்பார். இன்னொருத்தர் மச்சான் சொன்னானென்று வேறு ஸ்டியரிங் போட்டிருப்பார்.

அவருடைய மதிப்பீட்டுப் பாரத்தில் முதல் வரி 'எதுவும் மாற்றப்படவில்லை'. எதிரே ஒரு சின்னக் கட்டம். தொழிற்சாலையிலிருந்து வந்தபடியே இருக்கிற வண்டிக்குத்தான் அதில் டிக் அடிக்கலாம். பதினெட்டு வருடத்தில் அவர் பேனா அந்தக் கட்டத்தின் பக்கம் போனதே இல்லை. ஒரே ஒரு டிக் அடித்தவருக்குக்கூடச் சங்கத்தின் வருடக் கூட்டத்தில் முன்வரிசை நாற்காலி உண்டு. இவருக்கு எப்போதும் தூணுக்குப் பின்னால்தான் இடம். அடிக்காத டிக் ஒன்று அவர் மனதை அரித்துக்கொண்டே இருந்தது.

நேற்றுதான் அதற்கு ஒரு வழி பிறந்தது. அப்பா இறந்து ஒரு வருடம் கழித்து, ஷெட்டைக் காலி பண்ணலாமென்று இந்த வீட்டின் இரண்டு மகன்களும் உடைந்த கட்டில்களை இழுத்துப்போட, பின்னால் தார்ப்பாய்க்குள் இந்தக் கார் இருந்திருக்கிறது. மதிப்பீட்டாளர் டார்ச் அடித்துக்கொண்டு அடியில் படுத்துப் பார்த்தார், கதவுக்குள் பார்த்தார், இன்ஜின் நம்பரைப் பார்த்தார். எல்லாம் அச்சு அசல். அவர் வெளியே வந்தபோது கண் கலங்கியிருந்தது. தூசி என்று சொல்லிக்கொண்டார்.

"அப்பாவோட கார் சார்," என்றார் பெரிய மகன்.

"உங்கப்பாவுக்கு வண்டி ஓட்டவே தெரியாதுடா," என்றார் வாசலில் நின்ற அம்மா. அது யார் காதிலும் ஏறவில்லை. ஏனென்றால் அப்போதுதான் மதிப்பீட்டாளர் உத்தேச விலையைச் சொல்லியிருந்தார். பெரியவர் ஒரு பெயிண்ட் டப்பாவின் மேல் உட்கார்ந்துவிட்டார். சின்னவர் போனை எடுத்துத் தொகையை இரண்டால் வகுத்தார். மூன்றால் வகுக்க வேண்டுமென்று ஒருத்தருக்கும் தோன்றவில்லை.

"எதையும் தொடாதீங்க. தூசியைக்கூட," என்று சொல்லிவிட்டு மதிப்பீட்டாளர் கிளம்பப் போனார்.

"தூசிக்குக் கூடவா தம்பி விலை?" என்று அம்மா கேட்டார்.

கேட்டவுடன் மதிப்பீட்டாளருக்கு உற்சாகம் வந்துவிட்டது. இத்தனை வருடத்தில் அவரிடம் யாரும் அக்கறையாகச் சந்தேகம் கேட்டதில்லை. கேட்பாரற்றுக் கிடந்த வண்டி என்பதற்குத் தூசிதான் சாட்சி என்று பத்து நிமிடம் விளக்கினார். அம்மா தலையாட்டித் தலையாட்டிக் கேட்டார்.

அதன் பலன்தான் இந்த வாளி.

பேச்சுச் சத்தம் கேட்டு மகன்கள் ஓடிவந்தார்கள். பெரியவர் தலையில் கை வைத்தார். சின்னவர் மட்டும் நிதானமாக, "தூசிதானே சார் பிரச்சினை? அதை நான் பார்த்துக்கறேன்," என்றார். அடுத்த நிமிடம் வீட்டுக்குள் போய் வாக்குவம் கிளீனரின் பையைக் கழற்றிக்கொண்டு வந்து காரின் கூரையில் கொட்டி ஒரு தட்டுத் தட்டினார். மதிப்பீட்டாளர் தடுப்பதற்குள் முடிந்துவிட்டது. ஈரக் காரில் விழுந்த தூசி சேறாகி வழிந்தது. அதில் கொஞ்சம் தலைமுடியும் ஒரு சட்டைப் பொத்தானும் இருந்தன.

"முப்பது வருஷத் தூசி மாதிரியே இருக்கு பாருங்க," என்றார் சின்னவர்.

"தம்பி, அதுல நம்ம வீட்டு நாய் முடி இருக்குடா," என்றார் பெரியவர்.

அம்மா இன்னொரு வாளி தண்ணீர் கொண்டுவந்தார்.

மதிப்பீட்டாளர் விலையைக் கொஞ்சம் குறைத்தார். "பரவாயில்லை. தூசி போனாலும் டிக் அடிக்கலாம். சீட் இருக்கு. அந்தக் காலத்துத் தோல் அப்படியே இருக்கு. இதுல ஒரு தையல் பிரிஞ்சாலும் போச்சு. யாரும் உள்ளே உட்காரக்கூடாது."

"தோல்தான் முக்கியமா தம்பி?"

"தோல்தான்மா உசுரு," என்று அவர் மறுபடி பத்து நிமிடம் விளக்கினார். எரிச்சலிலும் அவருக்கு விளக்குவது பிடித்திருந்தது.

மறுநாள் சீட்டில் பூப்போட்ட துணி இருந்தது. பெரிய பெரிய சிவப்புப் பூக்கள், நடுவில் நீலப் பறவைகள். வரவேற்பறை ஜன்னலில் தொங்கிய அதே திரைத்துணி.

"மீதித் துணி பீரோல சும்மா கெடந்துச்சு," என்றார் அம்மா. "நானே மெஷின்ல தச்சேன். பைப்பிங் எல்லாம் வச்சிருக்கேன், பாருங்க."

"அந்தப் பழைய தோலை என்ன பண்ணீங்க?" மதிப்பீட்டாளரின் குரல் கிணற்றுக்குள்ளிருந்து வந்தது.

"அதைப் பத்தி நீங்க கவலைப்படாதீங்க தம்பி. கண்ணுல படாம பண்ணிட்டேன்."

அவர் கதவைத் திறந்து பார்க்கக்கூட இல்லை. செத்துப்போனவர் முகத்தைத் திறந்து பார்க்க எல்லோருக்கும் மனசு வராது. பாரத்தின் முதல் வரியை ஒரு முறை பார்த்தார். கட்டம் காலியாக இருந்தது, இனியும் காலியாகத்தான் இருக்கும். பதினெட்டு வருடக் காத்திருப்பைத் திரைத்துணி போட்டு மூடிவிட்டார்களே என்று அழுகை வந்தது. ஆனால் தொழில் தொழில்தானே.

"சரி. டிக் போனா போகட்டும். ஒரிஜினல் பெயிண்ட் இருக்கு. அதுக்கே நல்ல விலை கிடைக்கும்," என்று மகன்களிடம் சொன்னார். "சனிக்கிழமை ஒரு பெரிய மனுஷரைக் கூட்டிட்டு வர்றேன். பழைய கார் சேர்க்கறவர். அதுவரைக்கும் ஷெட்டைப் பூட்டி வைங்க."

பூட்டு வாங்கினார்கள். பெரியதாகவே வாங்கினார்கள். சாவியை யார் வைத்துக்கொள்வது என்பதில் தகராறு வந்தது. பெரியவரிடம் இருந்தால் அவர் தனியாக ஆள் கூட்டிவந்து விற்றுவிடுவார் என்று சின்னவருக்குச் சந்தேகம். சின்னவரைப் பற்றிப் பெரியவருக்கு அதைவிடப் பெரிய சந்தேகம். ஒரு மணி நேரம் பேசி, இரண்டு பேருக்கும் பொதுவான ஓர் ஆளிடம் சாவியைக் கொடுத்தார்கள்.

"அம்மா, நீயே வச்சுக்கோ."

அம்மா வாங்கி இடுப்பில் செருகிக்கொண்டார். மதிப்பீட்டாளருக்கு இந்த ஏற்பாடு தெரியாது. தெரிந்திருந்தால் ஷெட் வாசலிலேயே பாய் போட்டுப் படுத்திருப்பார்.

சனிக்கிழமை காலையில் பெரிய மனுஷர் வந்தார். வெள்ளைச் சட்டை, பளபளக்கும் ஷூ, பேச்சு மிகக் குறைவு. வழியெல்லாம் மதிப்பீட்டாளர்தான் பேசிக்கொண்டு வந்தார். "பச்சைன்னா பச்சை சார், இப்போ யாரும் அந்தப் பச்சையைக் கலக்கவே முடியாது."

அம்மா பூட்டைத் திறந்தார்.

கார் மஞ்சளாக இருந்தது.

சாதாரண மஞ்சள் இல்லை. பிரஷ் போன தடம் தெரியத் தெரிய, கதவுக் கைப்பிடி, கண்ணாடி ஓரம் என்று எதையும் விடாமல் அப்பிய மஞ்சள். பெரிய மனுஷர் வாசல்படியைத் தாண்டவே இல்லை. மதிப்பீட்டாளரை ஒரு பார்வை பார்த்தார். "நல்ல பச்சை," என்று சொல்லிவிட்டுத் திரும்பி நடந்தார். தெருவில் கார் கிளம்பும் சத்தம் கேட்டது.

"பெயிண்டரைக் கூப்பிட்டு அடிக்கச் சொன்னேன் தம்பி," என்றார் அம்மா. "பச்சை மங்கிப்போயிருந்துச்சு. மஞ்சள்னா இருட்டுலயும் பளிச்சுன்னு தெரியும்."

"இருட்டுல இதை யாரும்மா ஓட்டப் போறா?"

அம்மா சாவியை இடுப்பில் செருகிக்கொண்டார். மதிப்பீட்டாளர் காரை நோக்கிக் கையை நீட்டியபோது, "தொடாதீங்க தம்பி, இன்னும் காயல. கையெல்லாம் ஆயிடும்," என்றார்.

அவர் கையைப் பையில் போட்டுக்கொண்டார். பதினெட்டு வருட அனுபவத்துக்கு அந்தக் கண்ணராவியைத் தொட்டு வேறு பார்க்க வேண்டியதில்லை. நின்ற இடத்திலேயே பாரத்தை எழுதினார். தூசி இல்லை, தோல் இல்லை, பெயிண்ட் இல்லை. மதிப்பு என்ற இடத்தில் 'இரும்பு விலை' என்று எழுதிக் கையெழுத்தும் முத்திரையும் போட்டார். பேனா முனை காகிதத்தைக் கிழித்துவிட்டது.

சின்னவர் அங்கிருந்தே பழைய இரும்புக் கடைக்குப் போன் போட்டார். சக்கரம் சுற்றாத வண்டியை அந்தச் சந்திலிருந்து இழுக்க வேண்டுமானால் இவர்கள்தான் பணம் தர வேண்டும் என்றார் கடைக்காரர்.

"நீதானே மூத்தவன், நீ குடு."

"வாக்குவம் பையைக் கொட்டினது யாரு? நீ குடு."

"யாரும் குடுக்க வேண்டாம்ப்பா," என்றார் அம்மா. "அது பாட்டுக்கு இங்கேயே கெடக்கட்டும். ஆனா ரெண்டு பேரும் எனக்கு எழுதிக் குடுத்துடுங்க. நாளைக்கு இதை ஏன் இன்னும் வச்சிருக்கேன்னு என்னை யாரும் கேக்கக்கூடாது."

இரண்டு மகன்களும் நிம்மதிப் பெருமூச்சு விட்டார்கள். இந்தக் கார் அம்மாவுக்கே, எங்களுக்கு இதில் எந்த உரிமையும் இல்லை என்று ஒரு தாளில் எழுதிக் கையெழுத்துப் போட்டார்கள். மதிப்பீட்டாளர் சாட்சிக் கையெழுத்துப் போட்டார். தாளை அம்மா நான்காக மடித்துக்கொண்டார். மகன்கள் ஆளுக்கொரு திசையில் போனார்கள்.

மதிப்பீட்டாளருக்கு உடனே கிளம்பக் கால் வரவில்லை. அம்மா தேநீர் கொண்டுவந்து கொடுத்தார். அதை வாங்கிக்கொண்டு ஷெட் கதவுக்குப் பின்னால் கிடந்த பெயிண்ட் டப்பாவில் உட்கார்ந்தார். உள்ளுக்குள் ஆத்திரம் கொதித்தாலும் அந்த வயசான முகத்தைப் பார்க்கப் பாவமாகவும் இருந்தது.

"மனசுல வச்சுக்காதீங்கம்மா. தெரியாமத்தானே பண்ணீங்க."

"நீங்கதான் தம்பி எல்லாத்தையும் பொறுமையா சொல்லிக் குடுத்தீங்க. அதை நான் மறக்க மாட்டேன்," என்றார் அம்மா.

அப்போது ஷெட் வாசலில் வாளி ஒன்று கணீரென்றது. கையெல்லாம் மஞ்சளாக ஒரு பெயிண்டர் உள்ளே தலையை நீட்டினார். கதவுக்குப் பின்னால் உட்கார்ந்திருந்தவரை அவர் பார்க்கவில்லை.

"அம்மா, அந்த மதிப்பு போடற ஆளு கிளம்பிட்டாருன்னா சொல்லுங்க, தண்ணியை ஊத்திடறேன், கடைக் கண்ணாடியில தள்ளுபடி எழுதற பெயிண்ட்தான், ரெண்டு வாளியில பழைய பச்சை அப்படியே வந்துடும், அதுக்குள்ள நீங்க சீட் உறையைக் கழட்டி வைங்க."