இரைச்சல் உறிஞ்சி

ஹெட்போனுக்குள் யாரோ மூச்சு விடுகிறார்கள் என்ற முடிவுக்கு மோப்பம் வந்தபோது, காலைக் காப்பி இன்னும் ஆறியிருக்கவில்லை.

மோப்பம் என்பது அலுவலகத்தில் வைத்த பெயர். கார் காப்பீட்டு நிறுவனம் ஒன்றில், விபத்து நடந்ததாகச் சொல்பவர்களின் வாக்குமூலப் பதிவுகளைக் கேட்டு, எது நிஜம், எது புளுகு என்று பிரிப்பது அவர் வேலை. "மரம்தான் சார் குறுக்கே வந்துச்சு" என்று ஒருவர் சொன்னால், 'மரம்' என்பதற்கு முன்னால் அந்த ஆள் எச்சில் விழுங்கினாரா என்று காதைத் தீட்டிக்கொண்டு கேட்பார். விழுங்கியிருந்தால் கோரிக்கை காலி. இந்த வேலையை வீட்டிலிருந்தே பார்க்க அனுமதி கிடைத்ததில் ஒரே ஒரு குறை. சந்தேகப்பட ஆள் போதவில்லை. வீட்டில் இருந்தது மனைவி ஒருத்திதான். அவள் ஆறாம் வகுப்பு ஆசிரியை. இப்போது பள்ளி விடுமுறை.

ஹெட்போனைக் கழற்றினால் அமைதி. மாட்டினால் 'உஸ்ஸ்ஸ்'. பாம்பு ஒன்று சுருண்டு படுத்துக்கொண்டு யோசிப்பது போல ஒரு சத்தம்.

"ஏம்மா, மிக்சி ஓடுதா?" என்று அறையிலிருந்தே குரல் கொடுத்தார்.

"இல்லீங்க."

"வாஷிங் மெஷின்?"

"இல்லீங்க."

"அப்ப என்னதான் ஓடுது இந்த வீட்ல?"

"இப்போதைக்குப் பொழுதுதான் ஓடுது."

மோப்பம் கூடத்துக்கு வந்து ஃப்ரிட்ஜை முறைத்தார். "முதல்ல இதை அணை."

"பால் கெட்டுப் போயிடும்."

"இங்க என் பேரே கெட்டுப் போயிட்டு இருக்கு. ஒருத்தன் எச்சில் முழுங்கினானா இல்லையான்னு தெரியாம நான் எப்படித் தீர்ப்பு எழுதறது?"

ஃப்ரிட்ஜ் அணைந்தது. உஸ்ஸ் அணையவில்லை.

அடுத்த சந்தேகம் மாடி மேல் விழுந்தது. மேல்வீட்டில் ஒரு தையல்காரம்மா. குடியிருப்புச் சங்கச் செயலாளரின் மனைவி. அவருடைய தையல் மிஷின் மோட்டார்தான் மின்சாரத்தைக் கலக்கி, கம்பி வழியாகத் தன் காதுக்குள் தள்ளுகிறது என்று மோப்பம் கணக்குப் போட்டார். படியேறிப் போய்க் கதவைத் தட்டினார்.

"மிஷினா? அது ரிப்பேர்ல கிடக்கு சார். இன்னைக்குத் தொடவே இல்ல" என்றார் தையல்காரம்மா. பிறகு, சம்பந்தமே இல்லாமல், "உங்க வேலை ரூம்ல வெளிச்சம் நல்லா வருமில்ல சார்?" என்று கேட்டார்.

மோப்பம் இறங்கி வந்தார். வெளிச்சம் எதற்கு? சத்தத்தைப் பற்றிக் கேட்டால் வெளிச்சத்தைப் பற்றி ஏன் பேச வேண்டும்? தையல் என்றால் பெண் என்றும் ஒரு பொருள் உண்டு. மேலே ஒரு தையல், கீழே ஒரு தையல். ரெண்டு பேரும் சேர்ந்து யாருக்கோ அளவெடுக்கிறார்கள்.

சரி, குற்றவாளியை முறையாகப் பிடிப்போம் என்று உட்கார்ந்தார். ஹெட்போனைப் பிடுங்கி மொபைலில் சொருகினார். சுத்தமாக இருந்தது. ஆக, ஹெட்போன் நிரபராதி. மறுபடி கம்ப்யூட்டரில் சொருகினார். உஸ்ஸ். சார்ஜரைப் பிடுங்கினார். உஸ்ஸ். வேறு பிளக் பாயின்ட்டுக்கு மாற்றினார். உஸ்ஸ். மொபைலைத் தூரக் கொண்டுபோய் அலமாரியில் வைத்தார். உஸ்ஸ். பதிவை நிறுத்திவிட்டு, கண்ணை மூடி, அந்த உஸ்ஸை மட்டும் உற்றுக் கேட்டார்.

அதற்குள் ஒரு மின்விசிறி சுற்றியது. அப்புறம் 'டொக்... டொக்'. சமையலறைக் குழாய் சொட்டுகிற சத்தம்!

மோப்பத்துக்கு மயிர்க்கூச்செறிந்தது. கம்ப்யூட்டரின் ஒலி அமைப்புகளைத் திறந்து ஒவ்வொன்றாக நோண்டினார். கடைசியில் அகப்பட்டது. மைக்கில் விழுவதை எல்லாம் அப்படியே காதுக்கு அனுப்பு என்கிற கட்டத்தில் ஒரு டிக். மைக்கின் கூர்மையும் உச்சத்தில். ஹெட்போனோடு ஒட்டிக்கொண்டிருக்கும் மைக், வீட்டுச் சத்தத்தை எல்லாம் வாரி அவர் காதிலேயே கொட்டிக்கொண்டிருந்தது. யார் வைத்த டிக் இது? மனைவியா? மேல்வீடா? அலுவலகமா? போன வாரம் மைக்கைச் சோதிக்கும்போது தானே வைத்தது மட்டும் அவர் நினைவுக்கு வரவில்லை.

டிக்கை எடுக்கக் கையைக் கொண்டுபோனார். அப்போது காதுக்குள் மனைவியின் குரல்.

"மெதுவாப் பேசுங்க அக்கா. அவர் காதுல விழுந்தா அவ்வளவுதான்."

கை அப்படியே நின்றது.

"சார் ஒத்துக்குவாரா டீச்சர்?" இது தையல்காரம்மா. எப்போது இறங்கி வந்தார்?

"கேட்டாத்தானே ஒத்துக்கணும்?" என்றாள் மனைவி. அதற்குப் பிறகு பேச்சு தேய்ந்து, மின்விசிறிக்குள் கரைந்துவிட்டது.

மோப்பம் டிக்கை எடுக்கவில்லை. இரைச்சலைப் போக்க உட்கார்ந்தவர், இப்போது இரைச்சலை வளர்க்கக் கிளம்பினார். மேஜை டிராயரில் நீள ஒயர் வைத்த சின்ன மைக் ஒன்று இருந்தது. மனைவி குளிக்கப் போன நேரத்தில் அதைக் கம்ப்யூட்டரில் மாட்டி, ஒயரைச் சுவரோரமாக இழுத்து, கூடத்தில் டிவி ஸ்டாண்டின் மேல் பூச்சாடிக்குப் பக்கத்தில் நிறுத்தினார். தலையைத் துவட்டிக்கொண்டே வந்தவள் நேராக அதன் முன்னால் போய் நின்றாள்.

"இது என்னங்க?"

"இரைச்சல் உறிஞ்சி."

"அப்படின்னா?"

"வீட்ல இருக்கிற இரைச்சலை எல்லாம் இழுத்துக்கும். என் காதுக்கு வராது."

"ஓஹோ. இழுத்து எங்க வெச்சுக்கும்?"

மோப்பம் பூச்சாடியைச் சற்று நகர்த்தி வைத்தார். "உள்ளேயே."

"நிரம்பிட்டா?"

"ஈரத்துணியால துடைச்சா போதும்."

"நல்ல சாமான்" என்று சொல்லிவிட்டு அவள் போய்விட்டாள். மோப்பம் உள்ளே வந்து கதவைச் சாத்திக்கொண்டு தன் முதுகைத் தானே தட்டிக்கொண்டார்.

உறிஞ்சி அருமையாக உறிஞ்சியது. மறுநாள் தையல்காரம்மா வந்து உட்கார்ந்து, தன் கணவரான செயலாளர் தலையில் இருப்பது சொந்த முடி இல்லை, அதைக் காயப்போடும்போது காகம் தூக்கிக்கொண்டு போய்விட்டது என்று ஒரு கதையை ஆரம்பித்தார். மோப்பம் வாயைத் துண்டால் அடைத்துக்கொண்டு சிரித்தார். சங்கக் கூட்டங்களில் அந்த மனிதர் தலையைக் கோதிக்கொண்டே அதட்டும் அதட்டல் கொஞ்சமா? அப்புறம் விஷயம் வந்தது.

"ஜன்னலோரம் ரெண்டு மிஷின். சுவத்துப் பக்கம் துணி வெட்டுற மேஜை" என்றாள் மனைவி. "எங்க ஸ்கூல் யூனிஃபார்ம் ஆர்டர் முழுக்க நமக்குத்தான் அக்கா. இடம்தான் வேணும். அவர் ரூம் கச்சிதமா இருக்கும்."

"அப்ப சார் எங்க உட்காருவார்?"

"பால்கனியில ஒரு நாற்காலி போட்டாப் போதும். காத்தோட்டமா இருப்பார்."

மோப்பத்துக்கு ரத்தம் கொதித்தது. இந்த வீட்டில் தனக்கென்று இருப்பது அந்த ஒரு அறை. அதிலும் கதவுக்குத் தாழ்ப்பாள் உண்டு! அன்று சாப்பிடும்போது, எதார்த்தமாகச் சொல்வதுபோல ஆரம்பித்தார்.

"ஆபீஸ்ல புது உத்தரவு போட்டிருக்காங்க. வேலை பாக்கிற ரூம்ல தையல் மிஷின் அது இதுன்னு எதுவும் இருக்கக் கூடாதாம்."

மனைவி கரண்டியை நிறுத்தினாள். "தையல் மிஷினா?"

"ஒரு உதாரணத்துக்குச் சொன்னாங்க."

"கட்டில், பீரோ, சைக்கிள் எதுவும் உதாரணத்துக்கு வரல. தையல் மிஷின் வந்திருக்கு."

மோப்பம் எச்சில் விழுங்கினார். விழுங்கிய பிறகுதான் விழுங்கியது அவருக்கே தெரிந்தது. அவள் அவர் தொண்டையை ஒரு கணம் பார்த்தாள். பிறகு, "இன்னும் கொஞ்சம் சாதம் போடவா?" என்றாள்.

பரீட்சை அறையில் நாற்பது பிள்ளைகளில் எவன் யாரைப் பார்த்து எழுதுகிறான் என்று முதுகைத் திருப்பிக்கொண்டே கண்டுபிடிப்பவள் அவள். மறுநாள் காலை, அறைக் கதவை மெல்லத் திறந்து வைத்துவிட்டுப் போனாள். கூடத்தில் நின்று மேல்வீட்டுக்குப் போன் செய்தாள். உறிஞ்சிக்குப் பக்கத்தில் நின்றுதான்.

"என்னத்தைச் சொல்றது அக்கா, எங்க வீட்டுக்காரர் சட்டை முதுகுல உள்ளங்கை அகலத்துக்கு இங்க் கறை. அதோடவே மீட்டிங்ல உட்கார்ந்திருக்கார்."

மோப்பம் பதறிக்கொண்டு கழுத்தைத் திருப்பினார். தெரியவில்லை. சட்டையைப் பின்பக்கமாக இழுத்தார், இடுப்பை முறுக்கினார், நாற்காலியோடு ஒரு சுற்றுச் சுற்றினார். பாதிச் சுற்றில் கதவு வந்தது. கதவில் மனைவி நின்றிருந்தாள். கையில் போன்.

"என்னங்க, ஏதாவது கடிச்சிடுச்சா?"

"எறும்பு" என்றார் மோப்பம்.

"கடிக்கும்" என்றாள் அவள். திரும்பி உறிஞ்சியை ஒரு பார்வை பார்த்துவிட்டுப் போனாள்.

சாயங்காலம் கூடத்தில் துணி உரசும் சத்தம் கேட்டது. மேலே, கீழே, பக்கவாட்டில். உறிஞ்சியை அவள் ஈரத்துணியால் துடைத்துக்கொண்டிருந்தாள். துடைத்துக்கொண்டே தனக்குத்தானே பேசினாள். அவர் காதுக்கு அது, வாயைக் காதில் வைத்துப் பேசுவது போல வந்து விழுந்தது.

"மேல்வீட்டு அக்காவுக்கு ஒரு சந்தேகம். நாங்க பேசினதை எல்லாம் இவர் ஒட்டுக் கேட்டிருப்பாரோன்னு. அந்த முடி விஷயம் மட்டும் இவர் காதுக்குப் போயிருந்தா, இந்தப் பில்டிங்ல இவர் யார் மூஞ்சிலயும் முழிக்க முடியாதபடி பண்ணிடுவாங்களாம். நான் சொல்லிட்டேன், எங்க வீட்டுக்காரர் அப்படிப்பட்டவரே இல்ல. நாளைக்கு வந்து ரூம் விஷயத்தை நேர்ல சொல்லிப் பாருங்க, ஒண்ணுமே தெரியாத மாதிரி ஆச்சரியப்படுவார், சந்தோஷமா சரின்னும் சொல்லுவார்னு."

துடைத்து முடித்துவிட்டு, துணியை உதறினாள்.

மோப்பம் எழுந்தார். வெளியே போய் ஒரு சத்தம் போட வேண்டும். என்ன சொல்லிச் சத்தம் போடுவது? 'என் அறையைத் தரமாட்டேன்' என்றால், 'அறையை யார் கேட்டது?' என்பாள். உட்கார்ந்தார். மறுபடி எழுந்தார். மறுபடி உட்கார்ந்தார். டிக்கை எடுத்தார். உஸ்ஸ் போய்விட்டது. காதுக்குள் அப்படி ஒரு அமைதி. அந்த அமைதியில் ஒரு யோசனைகூட வரவில்லை.

மறுநாள் தையல்காரம்மா கையில் அளவு டேப்போடு வந்தார். அறை வாசலில் நின்று மோப்பத்தின் முகத்தையே குறிபார்த்தார். அவரும் ஒரு வகையில் விசாரணை அதிகாரிதான். அளவு தப்பினால் கண்டுபிடித்துவிடுகிற கண்.

"டீச்சர் உங்ககிட்ட எதாச்சும் சொன்னாங்களா சார்?"

"எதைப் பத்தி?" என்றார் மோப்பம். குரல் கொஞ்சம் உச்சத்துக்குப் போய்விட்டது.

"நாங்க யூனிஃபார்ம் தைக்கப் போறோம். இந்த ரூம்ல."

"இந்த ரூம்லயா!" மோப்பம் நெஞ்சில் கை வைத்தார். "அடடே! நினைச்சே பாக்கலையே! ரொம்ப சந்தோஷம். நானும் காத்தோட்டமா பால்கனியில உட்காரணும்னு..."

"பால்கனின்னு நான் இன்னும் சொல்லவே இல்லையே சார்?"

மனைவி சிரித்துக்கொண்டே உள்ளே வந்தாள். "வேற எங்க போவார் அக்கா? இந்த வீட்ல மிச்சம் இருக்கிறது அதுதானே?" என்றாள். பிறகு கணவனின் காலரைச் சரி செய்கிற சாக்கில் குனிந்து, காதோரம் கிசுகிசுத்தாள்:

"கண்ணை இன்னும் கொஞ்சம் பெருசா முழிங்க, அக்காவுக்கு இன்னும் நம்பிக்கை வரல."