பிடி பாயின் ஐந்தாவது பிடி

கடலூரில் புயல் கெடுத்த குடும்பங்களைவிடப் பிடி பாய் கெடுத்த குடும்பங்கள் ஜாஸ்தி. இதை நான் சொல்லவில்லை, என் அக்கா லூர்து சொல்வாள். புயலாவது ஒரே நாளில் வந்து கெடுத்துவிட்டுப் போய்விடும், பாய் 'நாளைக்கு வா' என்று சொல்லிச் சொல்லியே கெடுப்பார் என்பது அவள் கட்சி.

பாயின் தொழில், ரம்பத்துக்கு மரத்தில் பிடி செய்வது. அது ஒன்றுதான். உளிக்குப் பிடி வேண்டும் என்று யாராவது கேட்டால் காது கேட்காதவர்போல முதுகைக் காட்டி உட்கார்ந்துகொள்வார். அறுபதுகளின் தொடக்கத்தில் எங்கள் பக்கத்து நல்ல தச்சர்கள் கடை ரம்பத்தை வாங்க மாட்டார்கள். கொல்லுப் பட்டறையில் தகடு அடித்து, பல் வெட்டி, தீட்டி, அதைக் கோணியில் சுற்றிக்கொண்டு திருப்பாதிரிப்புலியூருக்கு வருவார்கள். ஸ்டேஷனிலிருந்து மார்க்கெட்டுக்குப் போகும் சந்தில், ஒரு மாடிப்படிக்கு அடியில், நிமிர்ந்தால் தலை இடிக்கும் ஒரு பொந்து. அதற்குள் பூவரசங்கட்டைகளுக்கு நடுவே பாய் உட்கார்ந்திருப்பார். சொந்தப் பெயர் என்ன என்று கேட்டால் அவரே கொஞ்சம் யோசிப்பார்.

ஆளைப் பார்க்கவே மாட்டார், கையைத்தான் பார்ப்பார். நான் நடையாய் நடந்தும் ஒவ்வொரு தடவையும் "யாரு தம்பி?" என்பார். கையை நீட்டினால் அமுக்கிப் பார்த்துவிட்டு, "அட, மஞ்சக்குப்பம் வக்கீல் குமாஸ்தா! இன்னா, சாப்ட கைய சரியா கழுவலியா?" என்பார். ஒருமுறை சந்தை அடைத்துக் கிடந்த கட்டைகளை அகற்றச் சொல்லி ஒரு போலீஸ்காரர் வந்து சத்தம் போட்டார். பாய் அவர் கையைப் பிடித்துக்கொண்டார். "இது லத்தி புடிக்கிற கை இல்லியே மச்சான். மேளம் வாசிக்கிற கையாச்சே!" போலீஸ்காரர் வெட்கப்பட்டுப்போய், சின்ன வயதில் தவில் கற்க ஆசைப்பட்டதையும் அப்பா அடித்ததையும் அரைமணி நேரம் சொல்லிவிட்டுப் போனார். கட்டை அங்கேயே கிடந்தது.

பண்ருட்டித் தச்சர் ஒருவர் பாயிடம் ரம்பத்தைக் கொடுத்துவிட்டுக் காத்திருந்து காத்திருந்து, தச்சுவேலையையே விட்டுவிட்டு டீக்கடை வைத்தார். இரண்டு வருஷம் கழித்துப் பாய் பிடியோடு அந்தக் கடை வாசலில் போய் நின்றார். பிற்பாடு அந்த மனிதர் அதே ரம்பத்தால் ரொட்டி அறுத்துக்கொண்டிருந்ததை நான் கண்ணால் பார்த்தேன். பாய்க்கு அதில் துளியும் வருத்தம் இல்லை. "ரொட்டி எவ்ளோ நேரா அறுபடுது பாத்தியா தம்பி?" என்றார்.

இப்பேர்ப்பட்டவரிடம்தான் நாங்கள் போய் மாட்டினோம்.

அக்காவின் புருஷன் ஆரோக்கியம் மாமா தச்சர். ஒரு மர வாடியில் மிஷின் ரம்பம் அவருடைய வலது கையில் சுண்டுவிரலையும் மோதிரவிரலையும் எடுத்துக்கொண்டது. புண் ஆறிவிட்டது. ஆனால் அப்பா காலத்து ரம்பத்தை எடுத்து இரண்டு இழுப்பு இழுத்தால் அது கையிலிருந்து முறுக்கிக்கொண்டு போய்விடும். அக்கா, மாமா, மூன்று பிள்ளைகள் எல்லோரும் ஐந்து மாதமாக என் வீட்டில். மாமா வலது கையைத் துண்டால் மூடிக்கொண்டு சுவரைப் பார்த்து உட்கார்ந்திருப்பார். அக்கா பாத்திரங்களோடு பேசிக்கொண்டிருப்பாள். அந்த வீட்டில் இரண்டு பேர் சிரித்து நான் பார்த்தே வெகுநாளாகியிருந்தது.

அப்போது சிதம்பரத்தில் ஒரு விடுதி கட்டிக்கொண்டிருந்தார்கள். கட்டில், ஜன்னல் வேலைகளை எடுத்திருந்த காண்டிராக்டர் மாமாவின் பழைய வேலையைப் பார்த்தவர். "ஆனித் திருமஞ்சனம் முடிஞ்ச மறுநாள் காலைல வா. என் கண்ணு முன்னால ஒரு சட்டத்த அறுத்துக் காட்டு. அறுத்துட்டா பத்து ஆளுக்கு நீதான் தலை. முடியலன்னா அப்புறம் என்னை வந்து பாக்காத" என்று சொல்லி அனுப்பியிருந்தார். அதற்கு மூன்று வாரம் இருந்தது. மூன்று விரலால் பிடிக்கிற மாதிரி ஒரு பிடி போட்டால் போதும், மாமா பிழைத்துக்கொள்வார் என்று நினைத்து நான்தான் அவரைப் பாயிடம் இழுத்துக்கொண்டு போனேன். அந்தப் பாவம் என்னையே சேரும்.

பாய் துண்டை விலக்கி மாமாவின் கையைப் பிடித்தார். டாக்டருக்குப் பிறகு அந்தக் கையை வேறு யாரும் தொட்டதில்லை. மாமா பின்னால் இழுத்தார். பாய் விடவில்லை.

"இன்னா மச்சான், கை இப்பிடி மெத்துனு கெடக்குது? வேலை செஞ்ச கையக் கொண்டா, அளவு எடுக்கலாம்."

"வேலை செய்யறதுக்குத்தான பாய் பிடி கேக்குறோம்?" என்றேன் நான்.

"வேலை செஞ்சா கை வீங்கும் தம்பி. வீங்குன கைக்குத்தான் பிடி போடணும். சும்மா கெடக்குற கைக்குப் போட்டா பத்தே நிமிசத்துல கடிக்கும்."

"ரம்பம் இல்லாம அவரு எப்பிடி வேலை செய்வாரு?"

"வேலை செய்யாத கைக்கு நான் எப்பிடிப் பிடி போடுவேன்?"

பைத்தியம் தெளிந்தால் கல்யாணம் ஆகும், கல்யாணம் ஆனால் பைத்தியம் தெளியும் என்பார்களே, அங்கே வந்து நின்றோம். கடைசியில் வழி கண்டுபிடித்தவரும் பாய்தான். பக்கத்துப் பள்ளிவாசல் கிணற்றில் தண்ணீர் இறைத்துத் தொட்டியை நிரப்பினால் தச்சன் கை மாதிரியே வீங்குமாம். மாமா எட்டு நாள் இறைத்தார். ஞாயிற்றுக்கிழமை பூசை முடிந்ததும் எங்கள் பங்குச்சாமியார் அவரைக் கூப்பிட்டு, "ஏம்பா ஆரோக்கியம், நம்ம கோவில் கெணறு இன்னா பாவம் பண்ணிச்சு?" என்று கேட்டார். மாமா கையை முதுகுக்குப் பின்னால் மறைத்துக்கொண்டார்.

ஒன்பதாம் நாள் பாய் கையை அமுக்கிப் பார்த்து, "இப்பத்தான் கை" என்றார். எனக்கு உயிர் வந்தது. அவசரப்பட்டுவிட்டேன்.

முதல் பிடி இரண்டு நாளில் தயாரானது. மாமா கட்டையில் வைத்து ஐந்து இழுப்பு இழுத்தார். பாய் கண்ணை மூடிக்கொண்டு சத்தத்தைக் கேட்டார். பிறகு ரம்பத்தைப் பிடுங்கி, பிடியைக் கழற்றி, சுத்தியலால் இரண்டாக உடைத்து, டீ போடுகிற அடுப்பில் வைத்துவிட்டார். இரண்டாவது பிடிக்கும் அதே கதிதான். மூன்றாவது கொஞ்சம் ஈரக்கட்டை, புகைந்து புகைந்து எரிந்தது. நாலாவது பிடி நன்றாகவே இருந்தது. எனக்கே நன்றாக இருந்தது என்றால் பார்த்துக்கொள்ளுங்கள். மாமா கும்பிட்டார்.

"இதே போதும் பாய். இத்த வெச்சே ஓட்டிக்கிறேன்."

"போதும்னு வாய் சொல்லுது மச்சான், கை சொல்லல" என்றார் பாய். நாலாவதும் அடுப்புக்குள் போனது. அதில் கொதித்த டீயை எனக்கே நீட்டினார். ஒரு குடும்பத்தின் சோற்றை எரித்துக் காய்ச்சிய டீயை நான் எப்படிக் குடிப்பது? வெளியே வந்து சந்திலேயே உட்கார்ந்துவிட்டேன். கெடுவுக்கு இரண்டு நாள் பாக்கி. அக்காவுக்கு என்ன பதில் சொல்வது என்று தெரியவில்லை. அப்படியே பண்ருட்டிப் பக்கம் போய் நானும் ஒரு டீக்கடை வைத்துவிடலாமா என்றிருந்தது.

உள்ளே பாய் மாமாவின் கையை விடாமல் பிடித்துக்கொண்டு பேசுவது கேட்டது.

"மச்சான், தப்பு என்னுது. நீ மூணு வெரல்ல புடிக்கல. அஞ்சு வெரல்லயும்தான் புடிக்கிற. அந்த ரெண்டும் போயிடுச்சுன்னு ஒன் கைக்கு இன்னும் யாரும் சொல்லல. அதுங்க எடம் தேடித் தேடித்தான் ரம்பம் முறுக்கிக்குது."

பிறகு மாமாவின் குரல் வந்தது. "அரிக்குது பாய். சுண்டுவெரலு அரிக்குது. சொறியப் போனா அங்க ஒண்ணும் இல்ல. லூர்துகிட்டகூட நான் சொல்லல."

"அரிக்கட்டும். நான் எடம் வுட்டு வெக்கிறேன். அதுங்களும் வந்து ஒக்காந்துக்கட்டும்."

சந்தில் உட்கார்ந்திருந்த எனக்கு ஏனோ மூக்கை உறிஞ்ச வேண்டியிருந்தது. ஆனாலும் கோபம் தீரவில்லை. இதை முதல் பிடியிலேயே கண்டுபிடிக்கக் கூடாதா அந்த மனுஷர்?

ஐந்தாவது பிடி வழக்கமான ஐந்து விரல் பிடிதான். அந்த இரண்டு விரல்கள் மடங்க வேண்டிய இடத்தில் மட்டும் மரத்தை வெட்டாமல் மேடாக விட்டிருந்தார், உள்ளங்கை ஓரம் அதில் போய்ச் சாய்ந்துகொள்ளும். நல்ல யோசனைதான், ஆனால் ரயிலேறும் நேரம்வரை பாதிதான் முடிந்திருந்தது. நாங்கள் பாசஞ்சரில் ஏறிப் பார்த்தால், அரத்தைத் துண்டில் முடிந்துகொண்டு பாயும் ஏறி உட்கார்ந்திருக்கிறார்.

வழியெல்லாம் தேய்த்தார். பெட்டி முழுக்க மரத்தூள். ஆலப்பாக்கத்தில் கூடையோடு ஏறிய ஒரு அம்மாள், "யோவ் பாய், கருவாட்டுல தூளக் கொட்டுறியே, எவன்யா வாங்குவான்?" என்று கத்தினாள். பாய்க்குக் காதில் விழவில்லை. அவருக்கு உடனே எதையாவது அறுத்துப் பார்க்க வேண்டும். எதிர் சீட்டில் ஒரு பெரியவர் கைத்தடியை ஊன்றித் தூங்கிக்கொண்டிருந்தார். பாய் அவரை எழுப்பி, "பெரியவரே, தடி ரெண்டு அங்குலம் ஜாஸ்தியா இருக்குது. குடுங்க, சரிபண்ணித் தரேன்" என்றார். தூக்கக் கலக்கத்தில் அவர் கொடுத்தும் விட்டார். மாமா அறுத்தார். பரங்கிப்பேட்டையில் இறங்கும்போது பெரியவர் நாலடி நடந்து பார்த்துவிட்டு ஜன்னலண்டை வந்து, "இத்தினி நாளா இடுப்பு வலிச்சது இதாலதான் போலிருக்கு" என்றார். பாய் என்னைப் பார்த்த பார்வையை என்னால் தாங்க முடியவில்லை.

சிதம்பரத்தில் காண்டிராக்டர் கடிகாரத்தைப் பார்த்துக்கொண்டு நின்றார். பக்கத்தில் விருத்தாசலத்துத் தச்சர் ஒருவரும் தயாராக நின்றார். மாமா சட்டத்தில் கோடு போட்டு ரம்பத்தை வைத்தார். ரம்பம் முறுக்கவில்லை, கோட்டோடு நேராக இறங்கிற்று. பாதி தூரம் போய்விட்டது. காண்டிராக்டர் தலையை ஆட்டினார். நான் வேளாங்கண்ணி மாதாவுக்கு மெழுகுவர்த்தி நேர்ந்துகொண்டிருந்தேன்.

"நிறுத்து!" என்று ஒரு குரல். பாய் பாய்ந்து போய் ரம்பத்தைப் பிடுங்கிவிட்டார்.

"யாருய்யா இந்த ஆளு?" என்றார் காண்டிராக்டர்.

"மணிக்கட்டு சாயுது. மேடு ஒரு நூல் ஒசரம்" என்று சொல்லிவிட்டுப் பாய் மணலில் சம்மணம் போட்டு உட்கார்ந்து பிடியைக் கழற்ற ஆரம்பித்தார். காண்டிராக்டர் கொஞ்ச நேரம் பார்த்தார். "எனக்கு இந்தக் கூத்தெல்லாம் பாக்க நேரமில்ல" என்று சொல்லி, விருத்தாசலத்துக்காரரைத் தலையாகப் போட்டுவிட்டுக் காப்பி குடிக்கப் போய்விட்டார்.

எனக்குக் கண்மண் தெரியவில்லை. "யோவ், எங்க குடும்பத்தக் கெடுக்கன்னே பொறந்தியா நீ? ஒனக்கு கைதான்யா தெரியும், மனுசன் தெரியாது!" என்று கத்தினேன். வேலையாட்கள் எல்லோரும் திரும்பிப் பார்த்தார்கள். பாய் நாலு தேய்ப்புத் தேய்த்து, கட்டைவிரலால் தடவிப் பார்த்து, பிடியை மாட்டினார்.

"இப்ப அறு மச்சான்."

மாமா பாதியில் நின்ற சட்டத்தை அறுத்து முடித்தார். பிறகு அடுத்ததை எடுத்தார். அதற்கடுத்ததையும் எடுத்தார். யாரும் அறுக்கச் சொல்லவில்லை, வேலையும் அவருக்கு இல்லை. ஆனாலும் ஐந்து மாதத்துப் பட்டினி தீரச் சாப்பிடுகிறவர்போலக் குவியலில் இருந்த சட்டங்களை எல்லாம் அறுத்துத் தள்ளினார். காண்டிராக்டர் திரும்பி வந்தபோதும் நிறுத்தவில்லை. அவர் ஒரு துண்டை எடுத்து மூலைமட்டம் வைத்துப் பார்த்தார். இன்னொன்றையும் பார்த்தார்.

"தலைமை போனது போனதுதான். பத்தோட பதினொண்ணா வரதுன்னா வா."

மாமா அன்று கையை மூடும் துண்டை ரயிலில் மறந்துவிட்டு வந்தார். அதைப் பற்றி அக்காவுக்குக் கவலை இல்லை. "தலையா இருக்க வேண்டிய மனுசன வாலாக்கிட்டானே அந்தப் பாய்!" என்று ஒரு வாரம் அழுதாள். பாயால் வேலை போனதா, பாயால் வேலை கிடைத்ததா என்று எங்கள் வீட்டில் நடந்த வழக்குக்கு எந்தக் கோர்ட்டும் தீர்ப்புச் சொல்ல முடியாது.

கதை அதோடு முடிந்திருக்கலாம். பாய் விடவில்லை. மாமா விடுதி வேலை முடிந்து கடலூருக்கே வந்து சம்பாதிக்க ஆரம்பித்த பிறகும், மாதம் தவறாமல் அரத்தோடு எங்கள் வாசலுக்கு வந்து, "ஒரு தேய்ப்பு பாக்கி இருக்குது. ரம்பத்தக் குடுங்க" என்பார். அவர் தலை தெரிந்ததும் அக்கா ரம்பத்தை அரிசிக் குதிருக்குள் போட்டுவிட்டு, மாமா வெளியூர் போயிருக்கிறார் என்பாள். மாமா அடுப்படியில் மூச்சுவிடாமல் நிற்பார். இப்படி மூன்று வருஷம் ஓடிற்று.

அப்புறம் ஒரு மாதம் பாய் வரவில்லை. அடுத்த மாதமும் காணோம். நிம்மதி என்றாள் அக்கா, ஆனால் வாசலை இரண்டு தடவை எட்டிப் பார்த்தாள். ஒரு ஞாயிற்றுக்கிழமை மாமா தானாகவே ரம்பத்தைப் பையில் போட்டுக்கொண்டு கிளம்பினார். நானும் கூடப் போனேன்.

பாய் வீட்டில் கட்டிலில் கிடந்தார். வாதம் வந்து வலது பக்கம் இழுத்துவிட்டிருந்தது. யாரென்று அவருக்குத் தெரியவில்லை. மாமா கையை நீட்டினார். பாய் இடது கையால் அதைத் தடவி, பிடியின் மேடு தட்டும் இடத்தில் நிறுத்தினார்.

"மச்சானா?"

"ஆமா பாய். பிடி கடிக்குது. நீங்க ஒரு தேய்ப்பு பாக்கின்னு சொன்னீங்க இல்ல, அது சரிதான்."

மாமா பொய் சொல்லி நான் கேட்டது அதுதான் முதல் தடவை. பாய் முகத்தில் வந்த சந்தோஷம் இருக்கிறதே! "நான் அப்பவே சொன்னேன். கேட்டாதான?" என்று குழறிக்கொண்டே என் பக்கம் திரும்பி முறைத்தார். பழக்கமில்லாத இடது கையில் அரத்தை வாங்கிக்கொண்டார். அரம் துள்ளி, கண்ணாடிபோல வழவழத்திருந்த பிடியின் குறுக்கே ஆழமாக ஒரு கீறல் விழுந்தது. பாய் அதைத் தடவிப் பார்த்தார். "மாஷா அல்லா, இப்பத்தான் சரியாச்சு" என்றார்.

"ஆமா பாய், இப்பத்தான் சரியா இருக்குது" என்றார் மாமா.

வீட்டுக்கு வந்ததும் அக்கா பிடியைப் பார்த்துவிட்டாள். "எந்தப் பாவி இப்பிடிக் கீறினான்?" என்று கத்திக்கொண்டே உள்ளே போய் உப்புத்தாள் எடுத்து வந்தாள். மாமா ரம்பத்தை எடுத்து மடியில் வைத்துக்கொண்டார்.

"வுடு லூர்து. அது அப்பிடியே இருக்கட்டும்."

அக்கா ஒன்றும் புரியாமல் என்னைப் பார்த்தாள். நான் அவள் கையிலிருந்த உப்புத்தாளை வாங்கி, நாலாக மடித்து, என் சட்டைப் பைக்குள் போட்டுக்கொண்டேன்.